இரவில் மலர்வன

புந்தோங்கில் இரவு மலரைக் கண் காண்பதற்கு முன்னரே மூக்குக் கண்டுவிடுகிறது. பகல் முழுவதும் கச்சாங் பூத்தே பொரிபடும் எண்ணெய் மணமும் வண்டிப் புகையும் நிறைந்திருந்த தெருக்களில், பொழுது சாய்ந்து சற்று நேரம் கழிந்ததும் வேறொரு மணம் மெல்ல வந்து புகுகிறது. ஒரு வீட்டின் வேலியோரத்தில் பவளமல்லி. இன்னொரு வீட்டின் வாயிலில் இரவு ராணி. அப்பால் ஒரு பூச்சட்டியில் நிலச்சம்பங்கி. பகலில் இவற்றைத் திரும்பிப் பார்ப்பார் இலர். அப்போது இரவு ராணி வெறும் புதர். அதன் பூவோ பசுமை கலந்த வெளிறிய சிறு குழல். இருள் வந்தபின் அதே புதர் தெரு முழுவதையும் ஆட்கொள்கிறது.

மணத்தோடு கூடவே ஓர் அச்சமும் வருகிறது. “பூ வாசத்துக்குப் பாம்பு வரும், அந்தப் பக்கம் போகாதய்யா” என்று பாட்டி பேரனைத் தடுக்கிறாள். “விளக்கு வைத்த பிறகு செடியில் கை வைக்காதே” என்று தாய் மகளை அழைக்கிறாள். மலாய் அண்டை வீட்டாரிடையே, இரவில் காரணமின்றிக் கெம்போஜாப் பூவின் மணம் எழுந்தால் பொந்தியானாக் என்னும் பெண்பேய் அருகில் உலவுகிறது என்ற நம்பிக்கை உண்டு. மொழி வேறு, சமயம் வேறு, அச்சம் ஒன்றே. பகலில் மணக்கும் பூவைப் பற்றி இப்படி எவரும் அஞ்சுவதில்லை. உரோசாவுக்கு முள் உண்டு. ஆயினும் அதனைப் பேயோடு சேர்த்துப் பேசுவார் இல்லை. அவ்வாறாயின், அழகும் அச்சமும் ஒரே காம்பில் பூக்கும்போது, அச்சத்துக்கு உரிய குற்றம் மலரைச் சார்ந்ததா, மனிதனைச் சார்ந்ததா? சிறிய வினாவாகத் தோன்றும் இதனைச் சற்று ஆராய்தல் தகும்.

முதலில், மலர் ஏன் இரவில் மலர்கிறது என்பதை அறிய வேண்டும். செடி தன் மகரந்தத்தைச் சுமந்து செல்லத் தூதரைத் தேடுகிறது. பகல் தூதர் வண்டும் தேனீயும் பட்டாம்பூச்சியும். இரவுத் தூதர் அந்துப்பூச்சியும் வௌவாலும். இருளில் வண்ணம் பயன்படாது. ஆகவே இரவு மலர்களுள் மிகப் பல வெண்மை அல்லது வெளிர்நிறம் கொண்டவை. நிறத்தில் செலவிடாததை மணத்தில் செலவிடுகின்றன. நீண்ட குழல் வடிவான பூவினுள் தேன் ஆழத்தில் கிடக்கும்; அதனை எட்டுதற்கேற்ற நீண்ட உறிஞ்சுகுழல் பெற்ற அந்துப்பூச்சி இருட்டில் மணத்தின் வழியே வந்து சேரும். புந்தோங் தெருவில் நடந்து செல்லும் மனிதன் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. வேறொருவருக்கு எழுதிய மடலின் இரண்டு வரிகள் அவன் காதில் தற்செயலாய் விழுகின்றன, அவ்வளவே. இனிமை கருதி அவன் நின்று கேட்கலாம். ஆனால் அந்த மடல் தன்னை மயக்கவே எழுதப்பட்டது என்றோ, தன்னைக் கெடுக்கவே எழுதப்பட்டது என்றோ சொல்ல அவனுக்கு உரிமை ஏது?

இரவு மலர்களுள் மனிதன் முற்றிலும் தனதாக்கிக்கொண்டது மல்லிகை. அதனை மலரவிட்டுப் பறிப்பதில்லை. அரும்பாக இருக்கும்போதே, வெயில் ஏறுமுன் பறித்து, தொடுத்து, அது மாலையில் கூந்தலிலும் சந்நிதியிலும் மலருமாறு செய்துவிடுகிறான். மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. செடியில் மலர்ந்து அந்துப்பூச்சிக்காகக் காத்திருக்கும் மல்லிகையைக் கண்டவர் அதனைச் சூடியவரைவிடக் குறைவு. மல்லிகையைப் பற்றி எவருக்கும் அச்சம் இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இனி, பாம்பு. பவளமல்லியின் மணத்துக்குப் பாம்பு வரும் என்பதை அறிவியல் ஒப்புவதில்லை. பாம்புக்குப் பூவினால் ஆவது ஒன்றுமில்லை; அது நாவை நீட்டி இரையின் தடத்தை அறிகிறதே அன்றி மலரின் மணத்தை நுகர்ந்து மகிழ்வதில்லை. ஆயினும் அந்த நம்பிக்கையை முழுப் பொய் என்று தள்ளிவிடுதலும் அவசர முடிவே. மணமுள்ள பூவை நாடிப் பூச்சி வருகிறது. பூச்சியை நாடித் தவளையும் பல்லியும் வருகின்றன. அவற்றை நாடிப் பாம்பு வருதல் இயல்பு. அடர்ந்த புதரின் அடியில் ஈரமும் இருட்டும் இருக்குமாயின் அது தங்கியும் விடும். பாட்டி கண்டது உண்மை. அதற்குச் சொன்ன காரணமே பிழை.

அந்தப் பாட்டி எங்கிருந்து வந்தவள் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். புந்தோங்கில் வாழும் பல குடும்பங்களின் வேர் பேராக்கின் பால்மரத் தோட்டங்களில் இருக்கிறது. பால்மரம் விடியலுக்கு முந்திய குளிர்ச்சியில்தான் நன்றாகப் பால் தரும். வெயில் ஏற ஏற இலைவழி நீர் வெளியேறி, மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து, பால் ஓட்டம் தளரும். எனவே தாயும் தந்தையும் இருள் பிரியுமுன்பே பெரட்டுக் களத்துக்குப் போயாக வேண்டும். நாகமும் பிறவும் உலவிய அந்தக் காட்டில் நெற்றிவிளக்கின் சிறு வெளிச்சமே அவர்களுக்குத் துணை. லயத்தில் விடப்பட்ட குழந்தைகளைக் காக்க ஆளில்லை, சுவரில்லை, வேலியில்லை. இருந்தது ஒரு சொல் மட்டுமே: “பூ இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும்.” அச்சத்தையே வேலியாகக் கட்டிய அவர்களின் அறிவு எள்ளி நகையாடத்தக்கதன்று. ஆனால் தோட்டத்தை விட்டு வந்து, சிமெண்டு முற்றமும் தெருவிளக்கும் உள்ள வீட்டில் குடியேறிய பின்னும், அதே சொல்லின்பேரில் பூத்துக் குலுங்கும் பவளமல்லி மரத்தை வெட்டுவது முறையா? புதரைக் கழித்து, அடியில் கிடக்கும் பழம்பலகையையும் ஓட்டையும் அகற்றினால் போதும். பாம்பு போய்விடும், பூ இருக்கும்.

பவளமல்லியைப் பற்றி மரபு வேறொன்றும் சொல்கிறது. நிலத்தில் விழுந்த பூவை இறைவனுக்குச் சூட்டலாகாது என்பது வழிபாட்டு நெறி. இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிர்ந்துவிடும் பவளமல்லிக்கு மட்டும் அந்நெறி தளர்கிறது. எந்த மரத்தடிக்குப் போகாதே என்று பேரனைத் தடுத்தாளோ, அந்த மரத்தடியிலேயே காலையில் குனிந்து பூப் பொறுக்குகிறாள் பாட்டி. இதனை முரண் என்று சொல்லிவிடலாம். காலமறிந்து பழகுதல் என்றும் சொல்லலாம். பின்னதே பொருந்துகிறது.

அச்சத்தினும் கொடியது அவதூறு. நிலச்சம்பங்கியை மலேசியாவில் மலாய் மொழியினர் ‘சுண்டால் மாலாம்’ என்பர். ‘சுண்டால்’ என்பது ஒழுக்கங்கெட்டவள் என்று பெண்ணைப் பழிக்கும் சொல். ‘மாலாம்’ என்பது இரவு. அதே பூவுக்கு இந்தோனேசியாவில் ‘செடாப் மாலாம்’ என்று பெயர். இரவின் இனிமை என்பது அதன் பொருள். வங்காளத்தில் அது ‘ரஜனிகந்தா’. இரவில் மணப்பது என்று பொருள். அங்குத் திருமணப் பந்தலை அதுவே அலங்கரிக்கிறது. தமிழர் அதற்குச் சம்பங்கி என்று உறவுப் பெயர் சூட்டி மாலை தொடுத்தனர். பூ ஒன்றே, மெக்சிகோ நாட்டிலிருந்து பரவிய ஒரே செடி. இரவில் மணத்தல் என்னும் ஒரே செயல், ஓரிடத்தில் இனிமையாகவும் மற்றோரிடத்தில் இழிவாகவும் பெயர் பெறுகிறது. சற்றே நின்று நோக்கினால், இந்தப் பழி பூவின்மேல் விழுந்ததன்று என்பது புலப்படும். இருட்டியபின் வெளியே தன்னை அறிவிக்கும் பெண்ணின்மேல் சமூகம் வைத்த பழியே பூவின்மேல் ஏற்றப்பட்டது. விடியுமுன் பால்வெட்டப் போன தாயும், இரவுப் பணி முடித்துத் தொழிற்சாலைப் பேருந்தில் திரும்பும் மகளும் இந்தப் பெயரின் நிழலில் நடந்தவர்களே. தமிழிலும் இத்தகைய சொற்களுக்குப் பஞ்சமில்லை. அண்டை வீட்டுச் சொல்லை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது.

இதுவரை சொன்னவை கற்பித அச்சங்கள். மெய்யான அச்சத்துக்கு உரிய மலர் ஒன்று உண்டு. அது ஊமத்தை.

ஆற்றங்கரையிலும் குப்பைமேட்டிலும் யாரும் நடாமலே வளரும் செடி அது. பொழுது சாயும் வேளையில் அதன் நீண்ட வெண்ணிற ஊதற்குழல் சுருள் அவிழ்ந்து விரியும். கருவூமத்தையில் அது ஊதாநிறம் பூசி வரும். ஒருமுறை நின்று பார்த்தவர் அதன் வடிவழகை மறுக்க மாட்டார். ஆனால் வேர் முதல் விதைவரை அச்செடி முழுவதும் நஞ்சு. அதன் முள்ளுடைய காயினுள் இருக்கும் விதைகளில் சிறிதளவே உள்ளே சென்றாலும் வாய் வறளும், கண்பாவை விரியும், நெஞ்சு படபடக்கும், இல்லாதன எல்லாம் கண்முன் தோன்றும், அளவு மீறினால் உயிரும் போகும். 1676-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுன் என்னுமிடத்தில், இவ்வினச் செடி ஒன்றைக் கீரையென்று சமைத்து உண்ட ஆங்கிலப் படைவீரர் பல நாள் பித்தராய்த் திரிந்த செய்தி வரலாற்றில் பதிவாகியுள்ளது. 19-ஆம் நூற்றாண்டு இந்தியாவில் வழிப்போக்கரின் உணவில் ஊமத்தை விதையைக் கலந்து மயக்கிக் கொள்ளையடித்தவர் பலர். மலாயாவிலும் ‘கெச்சுபோங்’ என்ற பெயரில் இதன் தீய பயன் அறியப்பட்டிருந்தது. ஜான் கிம்லெட் என்னும் மருத்துவர் மலாய் நஞ்சுகளைப் பற்றி 1915-இல் வெளியிட்ட நூலில் இதனையும் விவரித்துள்ளார். மயக்கம் தேடி இதனைத் தாமே உட்கொண்டு மருத்துவமனை சேர்ந்த இளையோரைப் பற்றிய குறிப்புகள் பல நாடுகளின் மருத்துவ ஏடுகளில் உள்ளன. இவை பாட்டி கதைகள் அல்ல.

அப்படியானால் இங்கேனும் மலரைக் குற்றவாளி என்று தீர்க்கலாமா? நஞ்சு செடியின் காவல். ஓடவும் ஒளியவும் இயலாத ஓர் உயிர், தன்னை மேய வருவதைத் தடுக்க வைத்த பூட்டு அது. அந்தப் பூட்டை உடைத்தெடுத்து அயலானின் உணவில் கலந்தவன் மனிதன். கத்தி செய்த கொலைக்குக் கத்தியைத் தண்டிப்பதில்லை. ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் வாதம் எளிதாகிவிடும். எளிதான வாதம் குழந்தையைக் காப்பாற்றாது. கத்தி தானே கொல்லாது என்பது உண்மையே. எனினும் தவழும் குழந்தையின் அருகே அதனை வைப்பவர் இல்லை. மலர் குற்றமற்றது என்பதனால் மனிதனின் பொறுப்பு குறைவதன்று, கூடுகிறது. குற்றவாளி வேறெங்கோ இருந்தால் காவலனை நம்பலாம்; குற்றவாளியே இல்லாத இடத்தில் அறிவு ஒன்றே காவல்.

இவ்விடத்தில் தமிழ் மரபு செய்த ஒரு செயல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஊமத்தையை அது ஒழிக்கவில்லை, மறைக்கவுமில்லை. சிவபெருமானின் சடையில் கொண்டுபோய்ச் சூட்டியது. தேவாரத்தில் மத்தம் என்று பல இடங்களில் வருவது இந்தப் பூவே. மத்தம் என்றால் பித்து என்றும் பொருள். ஊமத்தை என்ற பெயரே உன்மத்தம் என்னும் சொல்லின் வழி வந்தது. செடியின் பெயரிலேயே எச்சரிக்கையை எழுதிவைத்த அறிவு அது. மல்லிகையையும் தாமரையையும் மற்றத் தெய்வங்கள் சூட, பித்தன் என்று பெயர் பெற்றவன், நஞ்சை விழுங்காமலும் உமிழாமலும் கண்டத்தில் நிறுத்தியவன், இதனைச் சூடுகிறான். அடியவர் அந்தப் பூவை இறைவனுக்குச் சாத்துவர், தாம் சூடுவதில்லை, உண்பதோ இல்லவே இல்லை. அழகை ஒப்புக்கொண்டு, அதற்கு உரிய தொலைவில் அதனை நிறுத்தும் ஏற்பாடு இது. சித்த மருத்துவம் இன்னும் ஓர் அடி முன்சென்று, நஞ்சுடைய பொருளைச் சுத்தி செய்து மருந்தாக்கும் முறையை வகுத்தது. இக்காலத்துக் கண் மருத்துவர் கண்பாவையை விரியச் செய்யப் பயன்படுத்தும் அட்ரோப்பின், ஊமத்தைக் குடும்பத்துச் செடிகளின் நஞ்சே. ஒருவகைப் பூச்சிமருந்தை உட்கொண்டு உயிருக்குப் போராடுபவருக்கு மாற்றாக ஊசிவழிச் செலுத்தப்படுவதும் அதுவே. உயிரைப் பறித்த பொருளும் மீட்ட பொருளும் ஒன்றாகவே இருக்க, இடையில் நிற்பது அளவும் அறிவுமே. வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் மூலிகைப் பெயர் எதனையும் சொல்லாமல் அளவைப் பற்றியே பெரிதும் பேசினார்.

இந்தச் செடியை மாணவனுக்குக் காட்டுவதா, மறைப்பதா என்ற ஐயம் ஆசிரியருக்கு எழுதல் இயல்பு. காட்டினால் ஆர்வம் பிறக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. ஆனால் பள்ளி காட்டாததைத் தெரு காட்டும்; தெரு காட்டும்போது அளவையும் விளைவையும் சேர்த்துச் சொல்லாது. பெயரையும் நஞ்சையும் பழங்கதையையும் ஒருங்கே அறிந்த சிறுவன் அதனருகே கைகட்டி நிற்பான். “தொடாதே” என்ற ஒரு சொல்லை மட்டுமே கேட்ட சிறுவன், யாருமில்லாத நேரம் பார்த்துத் தொடுவான்.

மலரின் அழகையும் அதனால் வரும் கேட்டையும் பேசும்போது, அதன் இரவு விருந்தினரை விட்டுவிடலாகாது. புந்தோங்கிலிருந்து தைப்பூசக் காவடிகள் சென்று சேரும் கல்லுமலைக் கோயில் ஒரு சுண்ணாம்புக் குன்றின் அடியில் இருக்கிறது. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் இத்தகைய குன்றுகள் பல. இத்தகைய குன்றுகளின் குகைகளே தேனுண்ணும் சிறு வௌவால்களின் வீடு. டுரியான் மரம் பூப்பது மாலையில். தடித்த கிளைகளில் கொத்துக் கொத்தாக வெளிர்மஞ்சள் பூக்கள் விரிந்து, புளித்த பாலின் நெடி கலந்த மணம் பரப்பி, விடிவதற்குள் இதழும் கேசரமும் உதிர்ந்துவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தூதர் வந்தாக வேண்டும். தேனுண்ணும் வௌவால்கள் டுரியான், பெத்தாய், கடலோரச் சதுப்பு மரங்கள் ஆகியவற்றின் பூக்களை நாடிச் செல்வதை 1976-இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. தியோமான் தீவில் பெரிய பழந்தின்னி வௌவாலும் டுரியானுக்கு மகரந்தம் சேர்ப்பதை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதுவரை தோட்டக்காரர் பலர் அதனைப் பூத்தின்னும் பகையாகவே எண்ணிச் சுட்டுவந்தனர். ஈப்போ மக்கள் விரும்பி உண்ணும் டுரியான் சுளை ஒவ்வொன்றும் எவரும் காணாத ஓர் இரவு மலரின் வேலை என்பதைப் பழம் வாங்குவோர் எண்ணுவதில்லை.

ஆயினும் அதே பழந்தின்னி வௌவால்தான் 1998-இல் ஈப்போவுக்குத் துயரம் கொணர்ந்தது என்பதையும் சொல்லாதிருத்தல் நேர்மையன்று. அவ்வாண்டு செப்டம்பரில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணினர். 1999-இல்தான் அது புதிய வைரஸ் என்று கண்டறியப்பட்டு, நெகிரி செம்பிலான் சிற்றூர் ஒன்றின் பெயரால் நிப்பா என்று பெயர் பெற்றது. 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. வைரஸ் பழந்தின்னி வௌவாலின் உடலில் நெடுங்காலமாக இருந்துவந்தது. வௌவாலுக்கு அதனால் ஊறில்லை. பன்றிப் பட்டிகளை ஒட்டியே பழமரங்களை நட்டதால், வௌவால் கடித்துப் போட்ட பழம் பட்டிக்குள் விழ வழியாயிற்று. இரவு விருந்தினன் வழக்கம்போல் வந்து போனான். மரத்தையும் பட்டியையும் அருகருகே வைத்தது மனிதன் கை. இவ்வாறு சொல்வதால் 105 குடும்பங்களின் கண்ணீர் குறையப் போவதில்லை. ஆனால் வௌவாலை எல்லாம் சுட்டுத் தீர்ப்பதே தீர்வு என்று எண்ணுவோர், பூத்தும் காய்க்காத டுரியான் மரத்தின்கீழ் ஒருநாள் நிற்க நேரிடும். பண்ணையில் பழமரத்தைப் பட்டியிலிருந்து விலக்கி நடுதல் சிறிய செயல். அது வௌவாலையும் காக்கும், பண்ணையாளையும் காக்கும். குகைகளைத் தாங்கும் குன்றுகளைச் சிமெண்டுக்காகவும் பளிங்குக்காகவும் உடைப்பதை நிறுத்துவது அத்துணைச் சிறிய செயலன்று. அதனாலேயே அதைப் பற்றிப் பேச்சு குறைவாக இருக்கிறது.

ஈப்போ மாணவர் சுற்றுலாவாக ஏறும் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டங்களுக்கிடையே உள்ள வீட்டு முற்றங்களில் ஊமத்தைக்கு நெருங்கிய உறவான மற்றொரு செடியைக் காணலாம். ஊமத்தைப் பூ நிமிர்ந்து நிற்கும். இதன் பூ ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில், வெண்மையும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகத் தலைகீழாய்த் தொங்கும். மேலை நாட்டார் இதனைத் தேவதூதரின் எக்காளம் என்பர். மாலை மங்கியதும் மணம் பெருகும். இதுவும் முழுவதும் நஞ்சு. படமெடுக்கும் ஆர்வத்தில் பூவைக் கையால் ஏந்துபவர் அந்தக் கையால் கண்ணைக் கசக்கினால் கண்பாவை விரிந்து பார்வை மங்கிப்போகும். பள்ளித் தோட்டத்தில் நடத்தக்க செடி அன்று.

ஆனால் இதன் வரலாறு விந்தையானது. தென் அமெரிக்காவின் மலைச்சாரல்களே இதன் தாயகம். இவ்வினச் செடிகள் யாவும் இன்று காட்டில் இயற்கையாக வாழ்வதில்லை என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் பட்டியல் குறிக்கிறது. இதன் காயைத் தின்று விதையைப் பரப்பிய விலங்கு என்றோ அற்றுப்போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. எஞ்சியிருப்பவை எல்லாம் மனிதன் கொம்பை ஒடித்து நட்டு, நீர் வார்த்து வளர்த்தவை. கொல்லும் நஞ்சு தன்னுள் இருப்பதை அறிந்தும், அழகுக்காக மட்டும் யாரோ முற்றத்தில் ஓர் இடம் ஒதுக்குவதாலேயே அது உலகில் இருக்கிறது. கேமரன் மலையில் பனி இறங்கும் மாலைதோறும், தன் காட்டுத் தூதர் எவரும் இல்லாத அந்த மண்ணில், அது தன் எக்காளங்களை விரித்து வழக்கம்போல் மணக்கிறது.